அம்மாவுக்கு ஸ்பைனல் ஸ்டெனோசிஸ், ஆபரேஷன் இல்லாம சமாளிக்க வழி இருக்கா?

நிலாமுற்றம்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் பெரிய பதிவு, பொறுத்துக்கோங்க.

அம்மாவுக்கு 74 வயசு. ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும், நடக்க ஆரம்பிச்சா கொஞ்ச தூரத்துலயே ரெண்டு காலும் கனக்குது, பின்தொடை கெண்டைக்கால் எல்லாம் இழுக்குது, பாதம் மரத்துப் போகுதுங்கறாங்க. உக்காந்தா கொஞ்ச நேரத்துல சரியாகிடும், எழுந்து நடந்தா மறுபடி அதே தான். சமையல் மேடைகிட்ட நிக்கறப்ப ரெண்டு முழங்கையையும் மேடை மேல ஊன்றி குனிஞ்சுக்கிட்டே தான் வேலை செய்யறாங்க, நிமிர்ந்து நின்னா காலு தாங்கலைன்னு சொல்றாங்க. சுகர் இருக்கறதால அதுல வர்ற நரம்பு பாதிப்புன்னு தான் முதல்ல பார்த்த டாக்டர் மாத்திரை குடுத்தார், ஒண்ணும் குறையல. அப்புறம் எம்ஆர்ஐ எடுத்ததுல எல்4-எல்5ல (இடுப்புப் பக்கம் நாலாவது, அஞ்சாவது முதுகெலும்புக்கு நடுவுல) கடுமையான ஸ்டெனோசிஸ், அதாவது நரம்பு போற பாதை நெருக்கம், எல்3-எல்4ல மிதமானதுன்னு வந்திருக்கு.

ரிப்போர்ட்டைப் பார்த்ததும் ஒருத்தர் ஆபரேஷன் பண்ணிடலாம்னார், இன்னொருத்தர் முதுகுல ஊசி போட்டுப் பார்க்கலாம்கறார். அம்மாவுக்கு ஆபரேஷன்னாலே பயம், போன வருஷம் தான் இதயத்துல ஸ்டென்ட் வச்சாங்க, ரத்தம் உறையாம இருக்க ரெண்டு மாத்திரை ஓடிட்டு இருக்கு, இந்த நிலைமைல மயக்க மருந்து குடுத்து முதுகுல கை வைக்கறதுக்கு எனக்கும் மனசு வரல. ஆபரேஷன் இல்லாம உண்மையிலேயே பலன் தர்ற வழி என்னென்ன இருக்கு? பிசியோ போனா பிரயோஜனம் உண்டா, அந்த ஊசி எவ்வளவு நாள் தாங்கும், பெல்ட் போடலாமா? "கடுமையான"ங்கற வார்த்தையைப் பார்த்ததுல இருந்து வீட்ல யாருக்கும் தூக்கம் இல்ல. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

காலடிச்சத்தம்:

வணக்கம்ங்க. நான் பிசியோதெரபிஸ்ட், வயசானவங்களோட இடுப்பு முதுகு பிரச்சனை தான் தினமும் பார்க்கற வேலை. உங்க அம்மா மேடையில முழங்கை ஊன்றி குனிஞ்சு நிக்கறாங்கன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, யாரும் சொல்லித்தராமலே சரியான நிலையை அவங்க உடம்பு கண்டுபிடிச்சு வச்சிருக்கு. வயசாக ஆக டிஸ்க் தேஞ்சு பின்பக்கம் பிதுங்கும், பக்கத்துல இருக்கற சின்ன மூட்டுங்க தடிச்சுப் போகும், பின்பக்க தசைநாரும் தடிக்கும், எல்லாம் சேர்ந்து நரம்பு போற பாதையை நெருக்கும். நிமிர்ந்தாலோ பின்னாடி வளைஞ்சாலோ அந்த தசைநார் மடிஞ்சு உள்ள தள்ளுது, பாதை இன்னும் குறுகும். குனிஞ்சா அது இழுபட்டு பாதை கொஞ்சம் விரியும், நரம்புக்கு ரத்தம் போகும், கால் லேசாகும். சூப்பர் மார்க்கெட்ல தள்ளுவண்டியைப் பிடிச்சு குனிஞ்சு நடந்தா மட்டும் எவ்வளவு தூரமும் நடப்பேன்னு நிறைய பேர் சொல்றது இதனால தான்.

முதல்ல ஒரு விஷயம் தெளிவா சொல்லிடறேன், எந்தப் பயிற்சியும் தேஞ்ச மூட்டையோ தடிச்ச தசைநாரையோ பழையபடி ஆக்காது. ஆனா எம்ஆர்ஐல எவ்வளவு நெருக்கம்ங்கறதும் ஆளு எவ்வளவு கஷ்டப்படறாங்கங்கறதும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தணும்னு அவசியமே இல்ல. ஸ்கேன்ல கடுமையான நெருக்கம் இருந்தும் ஒரு தொந்தரவும் இல்லாத பெரியவங்க உண்டு, மிதமான நெருக்கத்துலயே நடக்க முடியாதவங்களும் உண்டு. நிறைய பேருக்கு வருஷக்கணக்குல அதே நிலைமையில நிக்கும், சிலருக்கு குறையவும் செய்யும், சிலருக்கு தான் ஏறிக்கிட்டே போகும். அதனால ரிப்போர்ட்ல இருக்கற வார்த்தையை வச்சு தூக்கத்தைக் கெடுத்துக்காதீங்க. அம்மா நிக்காம எவ்வளவு நேரம் நடக்கறாங்கன்னு பாருங்க, எங்களுக்கு அளவுகோல் அது தான்.

பயிற்சின்னா என்ன செய்வோம்னா, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி வச்சுக்கிட்டு வயித்தை உள்ள இழுத்து, இடுப்புக்கும் படுக்கைக்கும் நடுவுல இருக்கற இடைவெளியை படுக்கையோட அழுத்தறது. அதே நிலையில ஒரு முழங்காலை ரெண்டு கையாலயும் பிடிச்சு மெதுவா நெஞ்சுப்பக்கம் கொண்டு வந்து மூச்சை அடக்காம கொஞ்சம் வச்சிருந்து விடறது, அப்புறம் அடுத்த கால். முன்தொடையும் இடுப்பு மடிப்பும் இறுகிப் போயிருந்தா அது இடுப்பை முன்னாடி இழுத்து முதுகை வளைச்சே வச்சிருக்கும், அதனால அதை நீட்டி விடற பயிற்சி கண்டிப்பா வேணும், நிறைய இடத்துல இதை விட்டுடறாங்க. கூடவே பிட்டம், தொடை, வயித்துத் தசைக்கு வலு, பேலன்ஸ் பயிற்சி. அப்புறம் நகராம ஒரே இடத்துல நிக்கற உடற்பயிற்சி சைக்கிள், கைப்பிடி மேல சாய்ஞ்சு குனிஞ்ச மாதிரி ஓட்டினா நடக்க முடியாதவங்க கூட நல்லா ஓட்டுவாங்க, இதயத்துக்கும் நல்லது, ஆனா உங்க அம்மாவுக்கு இதய டாக்டர்கிட்ட எவ்வளவு வேகம் வரைக்கும் போகலாம்னு கேட்டுட்டு தான்.

புஜங்காசனம் மாதிரி பின்னாடி வளையற எதுவும் வேண்டாம். முதுகுவலின்னு கேட்டதும் யாராவது அதைத் தான் சொல்லித்தருவாங்க, டிஸ்க் பிதுங்கின சில பேருக்கு அது பொருந்தும், ஸ்டெனோசிஸுக்கு பொருந்தாது. அதே மாதிரி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எலும்பு அடர்த்தி டெஸ்ட் எடுத்துடுங்க. எலும்பு மெலிஞ்சிருந்தா உக்காந்து நின்னு முதுகை வளைச்சு குனியற பயிற்சில முதுகெலும்பு நசுங்கற ஆபத்து இருக்கு, அப்ப பயிற்சியை மாத்தணும்.

வெள்ளைத்துண்டு:

நிலாமுற்றம் மா, எனக்கு 72 ஆகுது, எனக்கும் இதே எல்4-எல்5 தான், பல வருஷமா ஆபரேஷன் இல்லாம தான் ஓடிட்டு இருக்கேன் அதனால எழுதறேன். பிசியோ சொன்னது எல்லாம் சரி, நான் நடக்கறதைப் பத்தி மட்டும் சொல்றேன்.

வலி வர்ற வரைக்கும் நடந்துட்டு பல்லைக் கடிச்சுக்கிட்டு இன்னும் பத்தடி போறது இருக்கே அதை அம்மாவை செய்ய விடாதீங்க, வலி முத்தின பிறகு உக்காந்தா அடங்கவே நேரம் எடுக்கும், அதுவே லேசா கால் கனக்க ஆரம்பிக்கும்போதே உக்காந்துட்டா சீக்கிரம் விட்டுடும், மறுபடி எழுந்து நடக்கலாம், இப்படி விட்டு விட்டு நடந்தா ஒரே மூச்சுல நடக்கறதை விட மொத்தமா அதிக தூரம் போகலாம். நான் போற வழியில எங்கெங்க உக்கார இடம் இருக்குன்னு பார்த்து வச்சுக்கிட்டு தான் கிளம்புவேன். உக்கார இடமே இல்லாத பக்கம்னா நாலு சக்கரம், பிரேக், சீட்டு வச்ச வாக்கர் இருக்கு பாருங்க அதை எடுத்துட்டுப் போவேன், தள்ளும்போது தானா லேசா குனிஞ்சுக்கும், கால் இழுத்தா பிரேக் போட்டு அதுலயே உக்காந்துக்கலாம். கைப்பிடி உயரத்தை மட்டும் சரியா வைங்க, ரொம்ப உயரமா வச்சா நிமிர்ந்து தான் நடக்கணும், அப்புறம் அதுல என்ன பிரயோஜனம், ரொம்ப தாழ்த்தினா தோளும் கழுத்தும் போயிடும், லேசா முன்னாடி சாயற அளவு இருந்தா போதும். வாக்கர் எடுத்தா கிழவி ஆயிட்டேன்னு நாலு பேர் நினைப்பாங்கன்னு அம்மா தயங்கலாம், வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடந்தா தான் மா உண்மையிலேயே கால் தசை கரைஞ்சு போயிடும், அதைப் பக்கத்துல உக்காந்து எடுத்துச் சொல்லுங்க.

மேடு ஏறறது எனக்கு சுலபம், இறக்கம் தான் கஷ்டம், ஏன்னா இறங்கும்போது உடம்பு பின்னாடி சாயுது. தூங்கும்போது குப்புறப் படுக்கறதே இல்ல, ஒருக்களிச்சு முழங்காலை மடக்கி நடுவுல ஒரு தலையணை, மல்லாந்து படுத்தா முழங்காலுக்கு அடியில ஒண்ணு. நின்னுட்டே செய்யற வேலைன்னா ஒரு காலை சின்ன ஸ்டூல் மேல தூக்கி வச்சுக்கச் சொல்லுங்க, மாத்தி மாத்தி. காய் நறுக்கறது துணி மடிக்கறது எல்லாம் உக்காந்தே செய்யட்டும், எதுக்கு நிக்கணும்.

கரிசல்காற்று:

என் மாமாவுக்கு இதே பிரச்சனைக்கு டிராக்‌ஷன் போட்டு இழுத்து விட்டாங்க, அவருக்கு நல்லா இருந்துச்சுன்னு சொன்னார். பெல்ட்டும் நாள் முழுக்க போட்டிருப்பார். அதையும் முயற்சி பண்ணிப் பாருங்க.

காலடிச்சத்தம்:

கரிசல்காற்று சார், சிலருக்கு படுத்த நிலையில இழுக்கும்போது இதமா இருக்கும், ஆனா நடக்கற தூரத்தை அது நிலையா கூட்டும்னு நம்பி சொல்ற அளவுக்கு ஆதாரம் இல்ல, நான் ஸ்டெனோசிஸுக்கு டிராக்‌ஷனை நம்பறதில்ல. எலும்பு மெலிஞ்ச 74 வயசுக்காரங்களுக்கு சொடக்கெடுக்கற மாதிரி வேகமா முறுக்கி விடறது கண்டிப்பா கூடாது. பெல்ட் வெளியில நடக்கறப்ப, ரொம்ப நேரம் நிக்க வேண்டி வர்றப்ப மட்டும் போடலாம், வீட்டுக்கு வந்ததும் கழட்டிடணும். முழு நேரமும் பெல்ட்டை நம்பியே இருந்தா தசைக்கு வேலை இல்லாம போயிடும்.

கையால மெதுவா மூட்டை இளக்கி விட்டு கூடவே ஆளுக்குத் தகுந்த பயிற்சி குடுக்கறது வேற விஷயம். 60 வயசுக்கு மேற்பட்ட 259 பேரை மூணு குழுவா பிரிச்சு மாத்திரை ஊசி ஒரு பக்கம், குழுவா சேர்ந்து பயிற்சி ஒரு பக்கம், கையால சிகிச்சையோட தனிப்பட்ட பயிற்சி ஒரு பக்கம்னு ஒப்பிட்டு 2019ல ஒரு ஆய்வு வந்துச்சு. ரெண்டு மாசத்துல அந்த மூணாவது குழு தான் முன்னாடி நின்னுச்சு, 6 மாசம் ஆனப்ப அந்த வித்தியாசம் மறைஞ்சு போச்சு. எனக்கு அதுல இருந்து புரிஞ்சது, எங்ககிட்ட சில வாரம் வந்துட்டு நிறுத்திட்டா பலனும் நின்னுடும், வீட்ல தினமும் தொடர்ந்தா தான் பிடிச்சு வைக்கலாம். பிசியோகிட்ட போனதும் வெறும் கரண்ட் வச்சு ஒத்தடம் குடுத்து அனுப்பிட்டாங்கன்னா அது சிகிச்சையே இல்ல, உடனே வேற ஆளைப் பாருங்க.

நிலாமுற்றம்:

எவ்வளவு விவரம், ரொம்ப நன்றிங்க. வெள்ளைத்துண்டு ஐயா, வாக்கர் விஷயத்துல அம்மா தயங்குவாங்கன்னு நீங்க எழுதினது அப்படியே நடக்குது, உங்க பதிவை அவங்களுக்கே படிச்சுக் காட்டினேன், "அவரே எடுத்துட்டுப் போறாரா"ன்னு கேட்டுட்டு யோசிக்கறேன்னு சொல்லியிருக்காங்க.

ஊசியைப் பத்தி யாராவது சொல்ல முடியுமா? ரத்தம் உறையாம இருக்கற மாத்திரையை சில நாள் நிறுத்திட்டு வரணும்னு சொல்லியிருக்காங்க, அது தான் பயமா இருக்கு. சுகருக்கு மெட்ஃபார்மின் பல வருஷமா சாப்பிடறாங்க. இப்ப வலிக்கு பிரிகாபாலின் குடுத்திருக்காங்க, அது போட்டா காலைல தலை சுத்துதுங்கறாங்க.

மருந்துச்சீட்டு:

நான் வலி சிகிச்சைப் பிரிவுல வேலை செஞ்சு ஓய்வு பெற்ற டாக்டர். நேர்ல பார்க்காம மருந்து மாத்தச் சொல்ல மாட்டேன், உங்க டாக்டர்கிட்ட என்ன கேட்கணும்னு சொல்றேன்.

ஊசிக்கு முன்னாடி வேற ஒண்ணு. சுகர் இருக்கு, இதய ரத்தக்குழாய்ல அடைப்பு வந்து ஸ்டென்ட் வச்சிருக்கு. இப்படிப்பட்டவங்களுக்கு கால் ரத்தக்குழாய்லயும் அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம், அதுவும் நடந்தா கெண்டைக்கால்ல இழுக்கும், ஓய்வு எடுத்தா விட்டுடும், பார்க்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும். ரத்த ஓட்டக் குறைவுல நடையை நிறுத்திட்டு நின்னாலே வலி குறையும், குனியணும் உக்காரணும்னு இல்ல, சைக்கிள் ஓட்டினாலும் வலி வரும். ஸ்டெனோசிஸ்ல சும்மா நின்னா போகாது, குனியணும் இல்ல உக்காரணும். உங்க அம்மா சொல்றது ஸ்டெனோசிஸ் மாதிரி தான் தெரியுது, ஆனா ரெண்டும் சேர்ந்தே இருக்கலாம். பாதத்துல நாடித்துடிப்பு பார்க்கச் சொல்லுங்க, கணுக்கால்லயும் கையிலயும் பிபி எடுத்து ஒப்பிடற ஒரு எளிய டெஸ்ட் இருக்கு, அதைக் கேளுங்க. கணுக்கால் பிபியை கை பிபியால வகுத்து வர்ற விகிதம் 0.9 அல்லது அதுக்குக் கீழ இருந்தா கால் ரத்தக்குழாய்ல அடைப்புன்னு எடுத்துக்கணும். சுகர் உள்ளவங்களுக்கு ரத்தக்குழாய் சுண்ணாம்பு படிஞ்சு இறுகியிருந்தா அந்த எண் பொய்யா அதிகமா காட்டும், சந்தேகம்னா ரத்த ஓட்டத்தைக் காட்டற டாப்ளர் ஸ்கேன் பார்க்கணும். மெட்ஃபார்மின் பல வருஷம் சாப்பிட்டா உடம்புல பி12 குறையலாம், பாதம் மரத்துப் போக அதுவும் ஒரு காரணம், ஒரு ரத்த டெஸ்ட் போதும். இடுப்பு மூட்டு தேய்மானத்தையும் ஒரு தடவை அசைச்சுப் பார்த்து விலக்கிடணும்.

இப்ப ஊசி. முதுகுல நரம்பு உறைக்கு வெளியில ஸ்டீராய்டும் மரத்துப் போற மருந்தும் கலந்து போடுவாங்க. 2014ல 400 பேரை வச்சு நடந்த ஒரு பெரிய ஆய்வுல ஸ்டீராய்டு கலந்த ஊசியையும் வெறும் மரத்துப் போற மருந்து மட்டும் போட்ட ஊசியையும் ஒப்பிட்டாங்க, ஆறு வாரம் கழிச்சுப் பார்த்தா ரெண்டுக்கும் சொல்லிக்கற மாதிரி வித்தியாசம் இல்ல. ஒரு பக்கக் கால்ல மட்டும் கடுமையா இழுக்கற வலி, தூங்கவே முடியல, பயிற்சி செய்யக் கூட முடியலங்கற ஆளுக்கு சில வாரம் வலியைத் தணிச்சு பிசியோவுக்கு வழி பண்ண நான் போட்டிருக்கேன். ரெண்டு கால்லயும் நடந்தா மட்டும் கனக்குது, உக்காந்தா ஒண்ணும் இல்லங்கற உங்க அம்மா மாதிரி ஆளுக்கு அதுல கிடைக்கறது கம்மி. எதிர்ப்பக்கம் என்ன இருக்குன்னு பாருங்க, சுகர் சில நாளைக்கு ஏறும், அடிக்கடி போட்டா எலும்பு மெலியும், அபூர்வமா பக்கவாதம், பார்வை இழப்பு மாதிரி கடுமையான நரம்பு பாதிப்பு வரலாம்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014ல எச்சரிக்கையே குடுத்திருக்கு. இது எல்லாத்துக்கும் மேல ஸ்டென்ட் வச்சு கொஞ்ச காலம் தான் ஆகுது, அந்த மாத்திரையை நிறுத்தினா ஸ்டென்ட்குள்ள ரத்தம் உறைஞ்சு மாரடைப்பு வரலாம், நிறுத்தாம ஊசி போட்டா முதுகுக்குள்ள ரத்தம் கசிஞ்சு நரம்பை அழுத்தலாம். இதய டாக்டர் எழுத்துல சம்மதம் குடுக்காம யார் சொன்னாலும் ஒரு நாள் கூட நிறுத்தாதீங்க. என் அம்மாவா இருந்தா இப்போதைக்கு இந்த ஊசி வேண்டாம்னு தான் சொல்லுவேன்.

மாத்திரையைப் பொறுத்தவரைக்கும், ஸ்டெனோசிஸ்ல வர்ற நடை வலிக்கு நல்லா கேட்கற மாத்திரைன்னு ஒண்ணு இல்ல. 2021ல ஆபரேஷன் இல்லாத சிகிச்சைக்குன்னு வந்த ஒரு வழிகாட்டி அறிக்கை கேபாபென்டின், பிரிகாபாலின், சாதாரண வலி மாத்திரை, தசை தளர்த்தற மாத்திரை, மெத்தில்கோபாலமின் (பி12 வகை), முதுகு ஊசி எதையும் வழக்கமா குடுக்க வேண்டாம்னே சொல்லுது. நோயாளிக்கு விளக்கமா சொல்லிக் குடுக்கறது, பழக்கத்தை மாத்தறது, வீட்டுப் பயிற்சி, கையால செய்யற சிகிச்சை இதெல்லாம் சேர்ந்ததைத் தான் முன்னாடி வைக்குது. (பி12 உண்மையிலேயே குறைஞ்சிருந்தா அது தனி, அதுக்கு மருந்து எடுத்தே ஆகணும்.) பிரிகாபாலின்ல தலை சுத்தல் வருதுன்னா விழற ஆபத்து இருக்கு, இந்த வயசுல ஒரு தடவை விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சா ஸ்டெனோசிஸை விட பெரிய பிரச்சனை ஆயிடும். கிட்னி வேலை குறைஞ்சிருந்தா டோஸையும் குறைக்கணும், அதனால கிட்னிக்கான கிரியாட்டினின் ரத்த டெஸ்ட் பார்த்துட்டு குறைக்கலாமா நிறுத்தலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, நீங்களா டக்குனு நிறுத்த வேண்டாம், படிப்படியா தான் இறக்கணும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரை அவங்களுக்கு சுத்தமா ஆகாது, ரத்தம் உறையாம இருக்கற மாத்திரையோட சேர்ந்தா வயித்துல ரத்தக்கசிவு, சுகர்காரங்களுக்கு கிட்னி, இதயத்துக்கும் கெடுதல். நரம்பு வலிக்குக் குடுக்கற டுலாக்ஸிட்டின் மாத்திரை சிலருக்கு முயற்சி பண்ணலாம், ஆனா அதுவும் ரத்தக்கசிவைக் கூட்டும், அவங்க விஷயத்துல யோசிச்சு தான் குடுக்கணும். பாராசிட்டமால் அளவோட எடுத்தா பயம் இல்ல, பலனும் பெருசா எதிர்பார்க்காதீங்க.

ஆலங்குருவி:

எல்லாரும் ஆபரேஷன் இல்லாத வழியைச் சொல்றீங்க, நல்லது தான், ஆனா மறுபக்கத்தையும் ஒருத்தர் சொல்லணும் இல்லையா. எங்க அப்பா ரொம்ப காலம் பயிற்சியிலயே ஓட்டினார், நல்லாவும் இருந்தார். அப்புறம் ஒரு கட்டத்துல வலது பாதத்தோட முன்பகுதியைத் தூக்க முடியாம செருப்பு கழண்டு கழண்டு விழ ஆரம்பிச்சுது, அவருக்கு அது தெரியவே இல்ல, அம்மா தான் தரையில செருப்பு இழுபடற சத்தத்தை வச்சு கண்டுபிடிச்சாங்க. டாக்டர் பார்த்துட்டு இனி காத்திருக்கக் கூடாதுன்னுட்டார், ஆபரேஷன் ஆச்சு, இப்ப நல்லா நடக்கறார். முன்னாடி செஞ்ச பயிற்சி வீண் போகல, கால்ல வலு இருந்ததால தான் ஆபரேஷனுக்கு அப்புறம் சீக்கிரம் எழுந்தார்.

50 வயசுக்கு மேற்பட்ட 169 பேரை வச்சு 2015ல ஒரு ஆய்வு வந்துச்சு. எல்லாருமே ஆபரேஷனுக்கு சம்மதிச்சவங்க, அதுல ஒரு பாதிக்கு ஆபரேஷன், மறுபாதிக்கு பிசியோன்னு பிரிச்சாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு ரெண்டு குழுவும் ஏறத்தாழ சமம்னு வந்தது. ஆனா பிசியோ குழுவுல 57 சதவீதம் பேர் நடுவுல ஆபரேஷனுக்கு மாறிட்டாங்க, அதையும் சேர்த்து தான் படிக்கணும். மீதி பேர் ஆபரேஷனுக்கே தயாரா வந்தவங்க, பிசியோவோட நிறுத்திக்கிட்டாங்க. ரெண்டுமே உண்மை. அதனால அம்மாகிட்ட "ஆபரேஷனே வேண்டாம்"னு சத்தியம் பண்ணிக் குடுக்காதீங்க, "இப்ப வேண்டாம், பார்த்துட்டே இருப்போம்"னு சொல்லுங்க.

மருந்துச்சீட்டு:

ஆலங்குருவி சொன்னது ரொம்ப முக்கியம். எதைப் பார்த்தா ஓடணும்னு எழுதிடறேன், வீட்ல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கட்டும். சிறுநீர் வராம அடைக்குது இல்ல தெரியாம போகுது, மலம் கட்டுப்பாடு இல்லாம போகுது, பிறப்புறுப்பு ஆசனவாயைச் சுத்தி மரத்துப் போகுது, ரெண்டு காலும் திடீர்னு பலம் இழக்குது, இதுல எது வந்தாலும் அன்னைக்கே, ராத்திரியா இருந்தாலும் எமர்ஜென்சிக்குப் போகணும், விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது. பாதம் தூக்க முடியாம போறது, கால் வலு நாளுக்கு நாள் குறையறது இருந்தா உடனே ஸ்பைன் டாக்டரைப் பாருங்க. காய்ச்சலோட முதுகுவலி, காரணமில்லாம எடை குறையறது, முன்னாடி கேன்சர் இருந்தவங்க, கீழ விழுந்த பிறகு வந்த புது வலி, இதெல்லாம் ஸ்டெனோசிஸ் கணக்குல சேர்க்காம தனியா பார்க்கணும்.

இன்னொண்ணு, இங்க பேசறது எல்லாம் இடுப்புப் பகுதி ஸ்டெனோசிஸைப் பத்தி மட்டும். சட்டை பட்டன் போட கை தடுமாறுது, எழுத்து மாறிடுச்சு, நடை தள்ளாடுதுன்னா கழுத்துல தண்டுவடமே அழுத்தப்படுதான்னு பார்க்கணும். அங்க பயிற்சி செஞ்சு பார்த்துட்டு காத்திருக்கற கணக்கு செல்லாது, கழுத்தை இழுக்கறதும் முறுக்கறதும் ஆபத்து.

நிலாமுற்றம்:

எல்லாருக்கும் கைகூப்பி நன்றி. எங்க குடும்ப டாக்டர்கிட்ட இந்த விவரத்தோட போனோம். கணுக்கால் பிபி டெஸ்ட் நார்மல், டாப்ளரும் பார்த்தாச்சு, ரத்த ஓட்டம் சரியா இருக்கு. பி12 குறைவு, அதுக்கு மருந்து ஆரம்பிச்சாச்சு. இதய டாக்டர் மாத்திரையை இப்ப நிறுத்தவே கூடாதுன்னு உறுதியா சொல்லிட்டார், அதனால ஊசிப் பேச்சு முடிஞ்சது. பிரிகாபாலினைக் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கறாங்க, தலை சுத்தல் குறைஞ்சிருக்கு.

எலும்பு அடர்த்தி டெஸ்ட்ல ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு மெலிவுன்னு வந்திருக்கு, அதுக்கு சிகிச்சை தொடங்கணும்னு சொல்லியிருக்காங்க. காலடிச்சத்தம் மேடம், அப்ப நீங்க சொன்ன பயிற்சியில எதை விடணும்? குனிஞ்சா தான் அம்மாவுக்கு நல்லா இருக்கு, குனிஞ்சா எலும்பு நசுங்கும்னா என்ன தான் செய்யறது?

காலடிச்சத்தம்:

நல்ல கேள்வி. முதுகைக் கூன் போட்டு வளைக்கறது வேற, இடுப்பு மூட்டுல இருந்து முன்னாடி சாயறது வேற. மேடை மேல கை ஊன்றி சாயறப்பவும் வாக்கர் தள்ளறப்பவும் எடை கை வழியா இறங்குது, முதுகெலும்போட முன்பக்கம் பெரிய பாரம் ஏறாது, அது தாராளமா செய்யலாம். படுத்துக்கிட்டு இடுப்பை படுக்கையில அழுத்தறது, ஒரு ஒரு காலா நெஞ்சுப்பக்கம் கொண்டு வர்றது இருக்கட்டும், ஆனா தலையையும் தோளையும் தூக்காம, இழுத்துப் பிடிக்காம, தொடை மட்டும் மடங்கற அளவுக்கு. ரெண்டு காலையும் ஒண்ணா இறுக்கி அணைக்கறது, உக்காந்து தரையைத் தொடறது, படுத்து எழுந்திருக்கற மாதிரி வயித்துப் பயிற்சி, குனிஞ்சபடி முறுக்கறது இதெல்லாம் வேண்டாம். கீழ இருக்கற பாத்திரம் பக்கெட் தூக்கறதும் அதே கணக்கு தான், முழங்காலை மடக்கி உக்காந்து எடுக்கணும், முடியலைன்னா வேற யாராவது எடுக்கட்டும்.

சேர்ல இருந்து கை ஊன்றாம எழுந்து உக்கார்றது, மேடையைப் பிடிச்சுக்கிட்டு குதிகாலைத் தூக்கறது, ஒருக்களிச்சுப் படுத்து மேல் காலைப் பக்கவாட்டுல தூக்கறது, இது மூணும் எலும்புக்கும் தசைக்கும் சேர்த்து நல்லது. எழுந்து நிக்கறப்ப நெஞ்சு வலி, மூச்சு வாங்கல் வந்தா உடனே நிறுத்திட்டு இதய டாக்டர்கிட்ட சொல்லணும்.

ஒரு நோட்டு போடுங்க. தினமும் ஒரே நேரத்துல, ஒரே பாதையில, கால் கனக்க ஆரம்பிக்கற வரைக்கும் எத்தனை நிமிஷம் நடந்தாங்க, உக்காந்து எவ்வளவு நேரத்துல விட்டுச்சு, இது ரெண்டை மட்டும் எழுதுங்க. வலி எவ்வளவுன்னு கேட்டா அன்னைய மனசைப் பொறுத்து பதில் மாறும், நிமிஷம் மாறாது. ஆறு வாரம் ஒழுங்கா செஞ்சு நோட்டை எடுத்துட்டு பிசியோகிட்டயும் டாக்டர்கிட்டயும் போங்க, நிமிஷம் ஏறியிருந்தா அதையே தொடரலாம், அப்படியே நின்னா பயிற்சியை மாத்தலாம், குறைஞ்சுக்கிட்டே போனா ஆபரேஷன் டாக்டரோட பேச்சை மறுபடி எடுக்கலாம், அதுக்குள்ள ஸ்டென்ட் வச்ச காலமும் தள்ளிப் போயிருக்கும்.

வெள்ளைத்துண்டு:

அம்மா வாக்கர் வாங்க சம்மதிச்சா கடையிலயே தள்ளி நடந்து பார்க்கச் சொல்லுங்க மா, பிரேக்கை அவங்க கையாலயே பிடிச்சு அழுத்த முடியுதா, சீட்டுல உக்காந்தா பாதம் ரெண்டும் தரையில படுதா, மடிச்சா நீங்க ஒரு ஆளா தூக்கி வண்டியில வைக்க முடியுதான்னு பார்த்துட்டு வாங்குங்க. உக்கார்றதுக்கு முன்னாடி ரெண்டு பிரேக்கும் பூட்டணும், அதை வீட்ல நாலு நாள் பழகின பிறகு வெளியில எடுத்துட்டுப் போகட்டும்.